ஊறவைத்த பயறும் ஒழுகும் குழாயும்

ஒரு காலத்தில், அதாவது போன ஆடி மாதம், திருச்சி கே.கே.நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒரு சமையலறை இருந்தது. யார் வீட்டுச் சமையலறை என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் எனக்கு ஒரு வாரத்துக்குச் சாப்பாடு கிடைக்காது.

அந்த வீட்டுத் தலைவியின் பெயரைச் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கணவன் கதிரேசன், குழாயும் பம்பும் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரிவு. அவனைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் நீங்கள் தாராளமாக நம்பலாம். அவனை மிகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அவர்களுக்கு ஒரே மகள், மிருதுளா. நான்காம் வகுப்பு.

அந்தச் சமையலறையில் மேடைக்கு மேலே ஓர் அலமாரி. அதற்கு 'ஆரோக்கிய அலமாரி' என்று பெயர். பெயர் வைத்தது சுகந்தி. ஒவ்வொரு டப்பாவிலும் அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியதும் அவள்தான். ஒட்டி முடித்ததும் அவளுக்குக் களைப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அலமாரிப் பக்கம் அவள் போகவில்லை.

அலமாரியில் நான்கு பேர் குடியிருந்தார்கள். ஓட்ஸ், தினை, சியா விதை, பச்சைப் பயறு. வேலை கிடைத்தும் சேரச் சொல்லி உத்தரவு வராதவர்கள் மாதிரி நால்வரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வந்து ஒன்பது மாசம் ஆச்சு," என்றது சியா விதை. "என்னை எப்படிச் சாப்பிடணும்னே இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. உண்மையச் சொன்னா, எனக்கும் தெரியாது."

"என் கதை கொஞ்சம் பரவாயில்ல," என்றது ஓட்ஸ். "ஒரே ஒரு தடவை கஞ்சி வச்சாங்க. ஐயா ஒரு வாய் குடிச்சாரு. அம்மா முகத்தப் பாத்தாரு. 'உடம்புக்கு நல்லது'ன்னாரு. அன்னிக்கு மூடுன டப்பா, இன்னும் திறக்கல."

தினைக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னையும் தேனையும் கலந்து முருகனுக்குப் படைக்கிறாங்க, தெரியுமா? இங்க, கேஸ் புத்தகம் பறக்காம இருக்க அது மேல என்னை வச்சிருக்காங்க."

பச்சைப் பயறு மட்டும் பேசாமல் இருந்தது. அதற்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம். மற்ற மூன்றும் வந்த அன்றே மறக்கப்பட்டவை. பயறைச் சுகந்தி தினமும் நினைத்தாள். அவள் செல்போனில் அதற்காகவே ஓர் அலாரம் இருந்தது. காலை ஏழு பத்துக்கு அது அடிக்கும். திரையில் 'பயறு ஊறவை' என்று எழுத்து வரும், பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறிகளோடு. காலையில் ஊறவைத்துவிட்டு அலுவலகம் போனால், மாலையில் வந்து ஐந்து நிமிடத்தில் சுண்டல். திட்டத்தில் ஒரு குறையும் கிடையாது.

ஏழு பத்துக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதுதான் குறை. ஓர் அடுப்பில் குக்கர் கத்தும். இன்னொரு அடுப்பில் பால் பொங்கும். மிருதுளாவின் ஒரு சாக்ஸ் இருக்கும், இன்னொன்று இருக்காது. கதிரேசன் தன் வண்டிச் சாவியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுவான். அலாரம் அடிக்கும். சுகந்தி மாவு படிந்த விரலால் அதன் வாயை அடைப்பாள்.

"என் கடமை கத்துறது," என்று அலாரம் பயறிடம் சொல்லும். "கேக்குறது அவங்க கடமை. நாளைக்குப் பாப்போம்." இப்படி எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கீழே, சாப்பாட்டு மேசையின் மேல், ஒரு மிக்சர் பாக்கெட் உட்கார்ந்திருக்கும். அதற்கு டப்பா கிடையாது, சீட்டு கிடையாது. காற்று புகாமல் இருக்க ஒரு துணி கிளிப் மாட்டியிருப்பார்கள். அந்த கிளிப்புக்கு வேலை வருவதற்குள் பாக்கெட் காலியாகிவிடும். மறுநாள் அதே இடத்தில் அதன் தம்பி வந்து உட்காரும்.

"மேல் வீட்டுக்காரங்க எல்லாம் சௌக்கியமா?" என்று அது தினமும் விசாரிக்கும்.

"உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்றது பயறு ஒருநாள். "என்ன உசத்தின்னு உன்னை எடுத்துச் சாப்பிடறாங்க? நான் எட்டு மணி நேரம் ஊறினாப் போதும். அஞ்சே நிமிஷத்துல சுண்டல்."

"எட்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம்," என்று மிக்சர் திருத்தியது. "எனக்கு இந்த கிளிப்பக் கழட்டுற நேரம்தான். இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. நான் யாருக்கும் நல்லது பண்றேன்னு சொன்னதே கிடையாது. அதனால என்கிட்ட வர யாரும் பயப்படறதில்ல."

பயறுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. பள்ளி விட்டு நான்கரைக்கு வரும் மிருதுளா, பையை வீசிவிட்டு நேராக மேசைக்குத்தான் போவாள். ஒரே ஒரு நாள், ஏதோ தேடி நாற்காலி போட்டு ஏறியவள் பயறு டப்பாவைக் கையில் எடுத்தாள். பயறுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவள் அதைக் காதருகே வைத்து இரண்டு தடவை ஆட்டி, சத்தம் கேட்டுச் சிரித்து, திரும்ப வைத்துவிட்டாள். அந்தக் குழந்தையின் வயிற்றுக்குள் போக வேண்டும் என்பதைத் தவிரப் பயறுக்கு வேறு ஆசை இல்லை. கிலுகிலுப்பையாகப் போனது அதற்குப் பெரிய வருத்தம்.

இதற்கிடையில் சுகந்தி சும்மா இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரோக்கியத்துக்காக அவள் உழைத்தது கொஞ்சமா? இருநூற்றுப் பதினான்கு சமையல் வீடியோக்களைச் சேமித்து வைத்திருந்தாள். அதில் பாதியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். அலுவலகத்தில் யார் சமோசா வாங்கினாலும் "மைதா விஷம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டுத்தான் அதில் பாதி சாப்பிடுவாள். கதிரேசனும் தன் பங்குக்கு, மாதம் ஒரு தடவை அந்த அலமாரியைப் பார்த்து, "இதெல்லாம் நாம ஏன் சாப்பிடறதே இல்ல?" என்று கேட்பான். கேட்டுவிட்டு மிக்சரை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவையில் வண்டு வந்துவிட்டது. சுகந்திக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த அலமாரியக் காலி பண்ணப்போறேன்," என்றாள். "சும்மா இருக்கிறது அத்தனையும் மொட்டை மாடியில புறாவுக்கு."

"புறாவுங்க கொடுத்து வச்சதுங்க," என்றான் கதிரேசன். அந்தச் சமயத்திலாவது பேசாமல் இருக்க அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பயறுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. இன்னும் ஆறு நாள், ஆறு அலாரம். திங்கட்கிழமை அலாரம் அடித்தது. வாய் அடைக்கப்பட்டது. செவ்வாயும் அப்படியே போனது.

செவ்வாய்க்கிழமை மாலை, கையெழுத்துப் போட மிருதுளாவின் டைரியைத் திறந்த சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். வகுப்பாசிரியை ரோஸ்லின் மிஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் செய்த சிற்றுண்டி கொண்டுவர வேண்டும் என்று புதிதாக ஒரு விதி. முதல் வெள்ளி பேக்கரி பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அனுப்பியிருந்தாள் சுகந்தி. இரண்டாவது வெள்ளி டப்பா மட்டும் மாறியது. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். டைரியில் இப்படி இருந்தது: 'அம்மா வெளியூரில் இருப்பதால், இந்த வெள்ளிக்கிழமை மிருதுளாவுக்கும் சேர்த்து நானே சிற்றுண்டி கொண்டுவருகிறேன். அம்மா கவலைப்படாமல் வேலையை முடித்துவிட்டு வரட்டும்.'

"மிருது, இங்க வா," என்றாள். குரல் உயரவில்லை. "நான் எந்த ஊருக்குடி போயிருந்தேன்?"

மிருதுளா தரையைப் பார்த்தாள். "மொத வாரம் மதுரை. ரெண்டாவது வாரம் சேலம்."

"இந்த வாரம்?"

"இன்னும் யோசிக்கலம்மா."

கதிரேசனுக்குச் சிரிப்பு வந்து, சுகந்தியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"ஏன் பொய் சொன்ன?"

"மிஸ் கேட்டாங்க, வீட்டுல ஏன் ஒண்ணும் செய்யலன்னு. நீ ஊர்ல இருந்தும் செய்யலன்னு சொன்னா உனக்குத்தானம்மா அசிங்கம்?"

சுகந்திக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தை தன் மானத்தைக் காப்பாற்ற ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. கீழே மிக்சர்கூட வாயை மூடிக்கொண்டது.

புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு அலாரம் வாயைத் திறந்தது. அது முதல் சத்தத்தை முடிப்பதற்குள் சுகந்தி டப்பாவைத் திறந்துவிட்டாள். பால் ஒரு பக்கம் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டாள். டப்பாவிலிருந்த பயறு முழுவதும் ஒரு பாத்திரத்தில் விழுந்தது, அதன் மேல் தண்ணீர் விழுந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன் பேச்சு எடுபட்டதை நம்ப முடியாமல் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கதிரேசன் வந்து அணைத்தான்.

"போயிட்டு வரேன்!" என்று தண்ணீருக்குள்ளிருந்து பயறு கத்தியது.

"வராத! அப்படியே போயிடு!" என்று வாழ்த்தியது தினை.

அன்று கொஞ்சம் எடுத்து ஒத்திகை, மீதியில் வெள்ளியன்று உண்மையான சமையல் என்பது சுகந்தியின் திட்டம். மாலையில் வந்ததும் பயறைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக ஊறி உப்பியிருந்தது. வடிகூடையில் கொட்டித் தண்ணீரை வடித்தாள். தாளிக்கக் கடுகு டப்பாவை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் புதுக்கோட்டையிலிருந்து அவள் நாத்தனார் போன் செய்தாள்.

"சுகந்தி, நீ அனுப்புன கொள்ளு வீடியோவப் பாத்தேன். உன்ன மாதிரி வீட்டச் சத்தா நடத்த யாராலம்மா முடியும்?"

இப்படிக் கேட்டால் யாரால் போனை வைக்க முடியும்? சத்தான உணவைப் பற்றிச் சுகந்தி நாற்பது நிமிடம் பேசினாள். கேழ்வரகில் தொடங்கிக் கம்பு வழியாகக் கொள்ளுக்கு வருவதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது. மிருதுளாவுக்குப் பசி தாங்கவில்லை. கதிரேசன் முனைக் கடையிலிருந்து கொத்து பரோட்டா வாங்கி வந்தான். சுகந்தி போனைக் காதில் வைத்தபடியே, "பச்சைப் பயறுல இருக்கிற புரோட்டீன் வேற எதுலயும் கிடையாதுங்க அண்ணி," என்று சொல்லி ஒரு வாய் பரோட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்துக் கதிரேசன் மேடையைச் சுத்தம் செய்தான். அந்த வீட்டில் அவன் செய்யும் ஒரே வேலை அது. அதைச் செய்ததாக மறுநாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். வடிகூடை இடைஞ்சலாக இருந்தது. தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க பால்கனியில் துணி துவைக்கும் தொட்டிக்குள் வைத்தான். மேடை துடைத்த ஈரத்துணியை அலசிப் பிழியச் சோம்பல்பட்டு, அதையும் கூடை மேல் போட்டுவிட்டு வந்தான்.

அந்தத் தொட்டிப் பக்கம் யாரும் போவதில்லை. காரணம் அங்கிருந்த குழாய். அது ஒன்றரை வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. குழாய் விற்கிற கம்பெனிக்காரன் வீட்டுக் குழாய்! "நாளைக்கு வாஷர் மாத்திடறேன்" என்று கதிரேசன் அதனிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

இருட்டுக்குள் துணிக்கு அடியில் கிடந்த பயறுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "யாராவது இருக்கீங்களா?"

"நான் இருக்கேன்," என்றது குழாய். சொட். "எங்கயும் போகல." சொட். "நான் ஒரு கெட்டுப்போன குழாய்."

"எப்பவும் இப்படித்தான் ஒழுகுவீங்களா?"

"வேற ஒண்ணும் தெரியாதுப்பா. திறந்தா ஒழுங்கா வரமாட்டேன். மூடினா ஒழுங்கா நிக்கமாட்டேன். இந்த வீட்டு ஆளுங்க மாதிரிதான்." சொட். "உன் மேல விழுதா? மன்னிச்சுக்க."

வியாழக்கிழமை காலையில் ஏழு பத்துக்கு அலாரம் அடித்தது. சுகந்தி அதைப் பார்த்து, 'அதான் ஊறவச்சாச்சே' என்று நிம்மதியாக அணைத்தாள். ஊறவைத்த பயறு எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அலாரமும் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல அதன் திரையில் எழுத்து இல்லை.

பகலில் பால்கனிக் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தது. "ஞாயித்துக்கிழமைதானே சொன்னாங்க? சீக்கிரமே போட்டுட்டாங்களா?" என்றது. துணி ஈரத்தில் கனத்துக் கிடந்ததால் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்று மாலை பயறு அலறியது. "குழாயண்ணே! என் தோல் கிழியுது. எனக்குள்ளேருந்து என்னமோ வெளிய வருது. நான் அழுகிட்டேன்."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுப்பா," என்றது குழாய். "தண்ணி வேணும்னா கேளு. அது மட்டும் எங்கிட்ட நிக்காது."

பயறு அழுதது. எட்டு மாதம் காத்திருந்து, கடைசியில் தண்ணீரைப் பார்த்து, அந்தத் தண்ணீராலேயே கெட்டுப்போவதா? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குழந்தையின் வயிறு அதற்கு இப்போது புதுக்கோட்டையைவிடத் தூரமாகத் தெரிந்தது. குழாய்க்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அதனால் விடியும் வரை சொட்டிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்து. அலாரம் அடித்ததும் சுகந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! பயறு! ஏங்க, பயறு எங்க?"

"எந்தப் பயறு?"

"புதன்கிழமை ஊறவச்சேனே, அந்தப் பயறு!"

கதிரேசன் முகம் மாறியது. இருவரும் பால்கனிக்கு ஓடினார்கள். பள்ளி வேன் வர அரை மணி நேரம் இருந்தது. சுகந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டு விரலால் துணியைத் தூக்கினாள்.

கூடை நிறைய முளை. ஒவ்வொரு பயறும் பச்சைச் சட்டையைக் கிழித்துக்கொண்டு, விரல்கணு நீளத்துக்கு வெள்ளையாக வால் விட்டிருந்தது. சுகந்தி மூக்கிலிருந்து கையை எடுத்தாள். முகர்ந்தாள். ஒன்றை வாயில் போட்டு மென்றாள். இனிப்பாக இருந்தது.



"முளைகட்டத்தான் வச்சிருந்தியா?" என்றான் கதிரேசன்.

"பின்ன?" என்றாள் சுகந்தி, கண் இமைக்காமல். "சும்மா சுண்டல் யார் வேணும்னாலும் செய்வாங்க."

"அதுக்குத்தான் நானும் இந்தக் குழாய ரிப்பேர் பண்ணாமலே வச்சிருந்தேன்," என்றான் அவன்.

குழாய்க்கு இதைக் கேட்டுச் சிரிப்புத் தாங்கவில்லை. வழக்கமாக ஒரு சொட்டு விழும் நேரத்தில் மூன்று சொட்டு விழுந்தது. பயறு மட்டும் சிரிக்கவில்லை. தான் கெட்டுப்போகவில்லை என்பதே அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நடந்ததற்கு எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. பயறை இரண்டு தண்ணீரில் அலசி இட்லிப் பானையில் ஓர் ஆவி காட்டினாள். கதிரேசன் கேரட் துருவினான். கூடவே விரலையும் கொஞ்சம் துருவிக்கொண்டான். பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பிடி தேங்காய்த் துருவல், உப்பு, அரை மூடி எலுமிச்சம்பழம். மிருதுளா மேடை மேல் ஏறி உட்கார்ந்து கையாலேயே கிளறினாள். கிளறும்போதே நான்கு வாய் சாப்பிட்டாள். எட்டு மாதமாகப் பயறுக்கு எட்டாத வயிறு, தானாகவே மேடைக்கு ஏறி வந்துவிட்டது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் தா."

சுகந்தி இதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெங்காயம் என்று சொன்னாள். மீதி இருந்ததையெல்லாம் டப்பாவில் அழுத்தி அடைத்து மூடினாள். வேன் ஹாரன் அடித்தது.

பள்ளியில் சிற்றுண்டி நேரம். ரோஸ்லின் மிஸ் சொன்னபடியே ஒரு பையோடு மிருதுளாவின் பெஞ்சுக்கு வந்தார். அதற்குள் அவள் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். மிஸ் குனிந்து பார்த்தார்.

"அட! அம்மா ஊர்லேருந்து வந்துட்டாங்களா?"

"புதன்கிழமை வந்துட்டாங்க மிஸ்."

மிஸ் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். டப்பாவுக்குள்ளிருந்து பார்த்த பயறுக்கு அவர் கையிலிருந்த பை தெரிந்தது. அது பேக்கரிப் பை. உள்ளே இரண்டு முட்டை பப்ஸ் இருந்தன. பயறு பார்ப்பதை உணர்ந்தவர் மாதிரி மிஸ் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா செஞ்சாங்க உங்கம்மா? எனக்கும் சொல்லு."

மிருதுளா ஒழுங்காக யோசித்தாள். இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது என்று அவளுக்கு இருந்தது.

"மொதல்ல ஊற வைக்கணும் மிஸ். அப்புறம் சுத்தமா மறந்துடணும்."

வகுப்பு சிரித்தது. ரோஸ்லின் மிஸ் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"மறக்கிறதெல்லாம் எனக்கு நல்லாவே வருது கண்ணு. அந்த ஊற வைக்கிறதுதான் வரமாட்டேங்குது."